மூலக்கூறின் பெயர் மட்டும் போதாது: மருத்துவமனை மருந்துக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருந்துக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

நானோ துகளில், அதாவது நானோமீட்டரில் (மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) அளக்கும் மிகச்சிறு துகளில், ஏற்றிய மருந்துகளைத் தயாரிப்பவர்கள், அவற்றைச் சோதிப்பவர்கள், கலவை அறையில் கலப்பவர்கள், நோயாளியின் சிரையில் ஏற்றுபவர்கள் எனப் பலர் சேர்ந்து எழுதும் மடல் இது. உங்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான். இந்த வகை மருந்துகளை மூலக்கூறின் பெயரை மட்டும் வைத்து எழுதவும் வாங்கவும் மாற்றிக் கொடுக்கவும் இனி அனுமதிக்காதீர்கள். மருந்து எந்தத் துகளில் ஏறியிருக்கிறது என்ற விவரம் மருந்துச்சீட்டில், பையில் ஒட்டும் லேபிளில், பம்ப்பில், பக்கவிளைவுப் பதிவில் என எல்லா இடத்திலும் இருக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்பதற்கு ஆம்போடெரிசின்-பி ஒன்றே போதும். தீவிரப் பூஞ்சைத் தொற்றுக்குத் தரும் இந்த மருந்தின் பழைய வடிவம், டிஆக்ஸிகோலேட் என்ற பித்த உப்பின் துணையோடு நீரில் நிற்பது. அதற்கு உச்ச வரம்பு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 1.5 மி.கி. அதே மூலக்கூறை 100 நானோமீட்டருக்கும் சிறிய கொழுப்புக் குமிழியான லிப்போசோமின் சவ்வில் பதித்துவிட்டால், வழக்கமான டோஸ் கிலோவுக்கு 3 முதல் 5 மி.கி. ஆகிவிடுகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு லிப்போசோம் வடிவத்தில் 300 மி.கி. என்பது முறையான டோஸ். அந்த 300 மி.கி.யைப் பழைய வடிவத்தில் ஏற்றினால், 90 மி.கி. என்ற வரம்பை மூன்று மடங்குக்கு மேல் தாண்டிவிடுகிறோம். இதயத் துடிப்பும் மூச்சும் நின்றுபோகலாம். இந்தக் குழப்பத்தால் உயிர்கள் போயிருக்கின்றன. பழைய வடிவத்தின் மருந்துக் குறிப்பிலேயே, டோஸ் கிலோவுக்கு 1.5 மி.கி.யைத் தாண்டினால் பெயரையும் அளவையும் மறுபடி சரிபாருங்கள் என்ற எச்சரிக்கை இருப்பது அதனால்தான்.

இரண்டும் 50 மி.கி. குப்பி. இரண்டும் மஞ்சள் பொடி. கணினியில் முதல் இரண்டு எழுத்தைத் தட்டியதும் இரண்டும் அடுத்தடுத்து வந்து நிற்கும். இரவுப் பணியில் ஒரு கை தவறினால் போதும். பிழை தலைகீழாக நடந்தால் யாருக்கும் தெரியவே தெரியாது: லிப்போசோம் வடிவத்தைக் கிலோவுக்கு 1 மி.கி. என்று கொடுத்துக்கொண்டே இருப்போம், தொற்று பரவிக்கொண்டே இருக்கும், கடைசியில் கேஸ் ஷீட்டில் “மருந்துக்குக் கட்டுப்படவில்லை” என்று எழுதுவோம்.

புற்றுநோய் மருந்தான பாக்லிடாக்செல் இன்னொரு உதாரணம். பழைய கரைசல் ஆமணக்கெண்ணெயிலிருந்து பெறும் ஒரு கரைப்பானில் வருகிறது. உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 175 மி.கி., மூன்று மணி நேரம், அதற்கு முன் ஸ்டீராய்டும் ஒவ்வாமைத் தடுப்பு மருந்துகளும். 2005-ல் அனுமதி பெற்ற, ஆல்புமின் என்ற இரத்தப் புரதத்தாலான துகள் வடிவம் ஏறத்தாழ 130 நானோமீட்டர். மார்பகப் புற்றில் சதுர மீட்டருக்கு 260 மி.கி., 30 நிமிடத்தில் ஏற்றலாம், அந்த முன்மருந்துகள் பொதுவாகத் தேவையில்லை. டோஸ், நேரம், முன்மருந்து மூன்றும் மாறிவிட்டன. “பாக்லிடாக்செல்” என்ற ஒற்றைச் சொல் இந்த இரண்டையும் குறிக்கிறது என்றால், அந்தச் சொல் மருந்துச்சீட்டுக்குத் தகுதியான பெயர் அல்ல.

கலவை அறைக்குள் வந்தால் நிலைமை இன்னும் சிக்கல். லிப்போசோமில் அடைத்த டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தை 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் (சர்க்கரைக் கரைசல்) மட்டுமே கலக்க வேண்டும்: 90 மி.கி. வரை 250 மி.லி., அதற்கு மேல் 500 மி.லி. ஆல்புமின் பாக்லிடாக்செலைக் கரைப்பது சலைனில் (உப்புக் கரைசல்). லிப்போசோம் ஆம்போடெரிசினுக்கு முதலில் ஊசிக்கான சுத்த நீர், பிறகு டெக்ஸ்ட்ரோஸ். சலைன் அதன் பக்கமே வரக் கூடாது. லிப்போசோம் ஆம்போடெரிசினின் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் விலகி நிற்பது மேற்பரப்பில் உள்ள எதிர்மின்னூட்டத்தால். சலைனில் உள்ள உப்பு அந்த மின்னூட்டத்தை மறைத்துவிடும். துகள்கள் கூடித் திரளும். சிரைக் குழாயில் முந்தைய மருந்தின் சலைன் மிச்சம் இருந்தாலும் இதே கதைதான். ஆகவே ஏற்றுவதற்கு முன்பும் பின்பும் குழாயை டெக்ஸ்ட்ரோஸால் கழுவ வேண்டும். “எல்லாவற்றுக்கும் சலைன்” என்று பழகிய வார்டில் இதை வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போனால் நிற்காது, லேபிளில் அச்சாக வேண்டும்.

குலுக்குவதிலும் இதே முரண். லிப்போசோம் ஆம்போடெரிசின் குப்பியில் 12 மி.லி. நீர் விட்டு உடனே 30 விநாடி பலமாகக் குலுக்க வேண்டும். அப்போதுதான் பொடி முழுதும் பிரிந்து மி.லி.க்கு 4 மி.கி. என்ற செறிவு கிடைக்கும். பிறகு உடன்வரும் 5 மைக்ரான் (5,000 நானோமீட்டர்) வடிகட்டி வழியாக டெக்ஸ்ட்ரோஸ் பைக்குள் செலுத்துகிறோம். ஆல்புமின் பாக்லிடாக்செலுக்குக் குலுக்கலே எதிரி. 100 மி.கி. குப்பிக்கு 20 மி.லி. சலைன், அதைக் குறைந்தது ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டு, பொடியின் மேல் நேராகப் பாய்ச்சாமல் குப்பியின் உட்சுவர் வழியே வழியவிட வேண்டும். ஐந்து நிமிடம் தொடாமல் வைத்துப் பொடி நனையவிட்டு, பின் மெதுவாகக் குறைந்தது இரண்டு நிமிடம் சுழற்ற வேண்டும். அவசரப்பட்டுப் பாய்ச்சினால் நுரை கட்டும். நுரை என்றால் ஆல்புமின் காற்றோடு மல்லுக்கட்டுகிறது என்று பொருள். நுரையில் சிக்கிய மருந்து சிரிஞ்சுக்குள் வராது, டோஸ் குறையும். நுரை வந்துவிட்டால் அடங்கும்வரை 15 நிமிடம் விட்டுவைப்பதைத் தவிர வேறு வழியில்லை. கலவை அறையில் ஒருவர் தனியாக நான்கு நோயாளிகளுக்கு மருந்து தயாரிக்கும்போது இந்த நிமிடங்களை யார் கொடுப்பது? பணி அட்டவணை போடும்போது இந்தக் கேள்வியை நீங்கள்தான் கேட்க வேண்டும்.

வடிகட்டியையும் கவனியுங்கள். மையச் சிரைக் குழாய்களில் 0.2 மைக்ரான் வடிகட்டியை வழக்கமாகப் பொருத்தி வைக்கும் பிரிவுகள் உண்டு. லிப்போசோம் ஆம்போடெரிசினுக்கு வடிகட்டி போடுவதானால் துளை 1 மைக்ரானுக்குக் குறையக் கூடாது. லிப்போசோம் டாக்ஸோரூபிசினுக்கு வடிகட்டியே கூடாது. 100 நானோமீட்டர் குமிழி 200 நானோமீட்டர் துளையில் கணக்குப்படி நுழையும்தான். ஆனால் ஒட்டிக்கொள்வதும் அடைப்பதும் சவ்வு நசுங்கிக் கசிவதும் அந்தக் கணக்கில் வருவதில்லை.

அடுத்தது ஏற்றும் வேகம். குழுவில் இதைப் பற்றித் தனியாக ஒரு கூட்டமே நடத்தலாம் என்பது எங்கள் எண்ணம். நானோ துகள்கள் இரத்தத்தில் இறங்கியதும், கிருமியை அடையாளம் காணும் காம்ப்ளிமென்ட் என்ற புரதத் தொடர் சிலருக்கு விழித்துக்கொள்கிறது. முகம் சிவக்கும், மார்பு இறுகும், முதுகு வலிக்கும், இரத்த அழுத்தம் சரியும். வழக்கமான ஒவ்வாமை வர உடல் அந்தப் பொருளை முன்பே ஒருமுறை சந்தித்திருக்க வேண்டும். இதற்கு அது தேவையில்லை. முதல் டோஸில், முதல் சில நிமிடங்களிலேயே வரும். பலருக்குச் சொட்டை நிறுத்தினால் அடங்கிவிடும். பிறகு மெதுவாகத் தொடங்கினால் மீதி மருந்தைத் தாங்கிக்கொள்வார்கள். லிப்போசோம் டாக்ஸோரூபிசினை நிமிடத்துக்கு 1 மி.கி. என்ற வேகத்தில் தொடங்கச் சொல்வதும், கொழுப்புத் துகளில் ஏற்றிய பாடிசிரான் மருந்தை முதல் 15 நிமிடம் நிமிடத்துக்கு 1 மி.லி. என்று விடச் சொல்வதும் இதை மனத்தில் வைத்துத்தான். “முன்பு ஒவ்வாமை வந்ததில்லை” என்ற பதிலை நம்பி முதல் டோஸை வேகமாக விடுவது ஆபத்து.

வேகத்தைக் கவனிக்காமல் விட்டதன் விலையை ஃபெருமாக்ஸிடால் காட்டிவிட்டது. இரும்பு ஆக்சைடு நானோ துகளான இது 2009-ல் அமெரிக்காவில் இரத்தசோகைக்கு அனுமதி பெற்றபோது, 510 மி.கி. இரும்பை 17 விநாடியில்கூட ஊசியாகச் செலுத்தலாம் என்றிருந்தது. உயிர்ப்பலி வரை போன தீவிர ஒவ்வாமைகள் பதிவானபின், 2015-ல் முறையை மாற்றினார்கள்: 50 முதல் 200 மி.லி. கரைசலில் கலந்து குறைந்தது 15 நிமிடம் ஏற்ற வேண்டும், ஏற்றி முடித்தபின் குறைந்தது 30 நிமிடம் கண்காணிக்க வேண்டும். முன்பு மருந்து ஒவ்வாமை பல கொண்டவர்களுக்கு இன்னும் கவனம். இதே துகள் எம்.ஆர்.ஐ. படத்தை மூன்று மாதம் வரை மாற்றிக்காட்டக்கூடும் என்பது பலருக்குத் தெரியாது. ஸ்கேன் அறையின் விண்ணப்பப் படிவத்தில் “கடந்த மூன்று மாதத்தில் சிரை வழி இரும்பு, எந்த வகை?” என்று ஒரு வரி சேர்த்தால் தேவையற்ற சந்தேகங்கள் குறையும்.

இவ்வளவு தொல்லை இருந்தும் இந்த மருந்துகள் வேண்டும் என்றுதான் நாங்கள் சொல்கிறோம். ஏனென்றால் துகள் செய்கிற வேலையை வேறு எதுவும் செய்ய முடியாது. இதயத் தசையைக் கெடுக்கக்கூடிய சாதாரண டாக்ஸோரூபிசின் ஏற்றியதும் இரத்தத்தை விட்டு உடலெங்கும் பரவிவிடும். அதன் பரவல் கொள்ளளவு (மருந்து எவ்வளவு பரவுகிறது என்று காட்டும் கணக்கு) சதுர மீட்டருக்கு 700 முதல் 1,100 லிட்டர். லிப்போசோமில் அடைத்தால் அது 3 லிட்டருக்கும் கீழே, அதாவது கிட்டத்தட்ட இரத்த ஓட்டத்துக்குள்ளேயே. இதயத் தசையின் நுண்குழாய்ச் சுவர் இறுக்கமானது, குமிழி அதில் எளிதில் நுழையாது. 1995-ல் அனுமதி பெற்ற இந்த வடிவம் இதயத்தைக் காப்பாற்றிய விதம் அதுதான். ஆனால் நஞ்சு மறைந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. நீண்ட நேரம் சுற்றும் குமிழிகள் உள்ளங்கையிலும் பாதத்திலும் சேர்ந்து தோலைச் சிவக்க வைத்து, கொப்பளித்து உரிய வைக்கின்றன. இதயத்தைக் கவனிக்கப் பழகிய கண்கள் இங்கே கையையும் காலையும் பார்க்க வேண்டும். வெந்நீர், இறுக்கமான செருப்பு, அழுத்தித் தேய்ப்பது எல்லாவற்றையும் தவிர்க்கும்படி முதல் டோஸுக்கு முன்பே நோயாளியிடம் சொல்ல வேண்டும்.

பாடிசிரான் இன்னும் அழகான உதாரணம். பரம்பரை நரம்பு நோய் ஒன்றுக்காக 2018-ல் அனுமதி பெற்ற முதல் குறுக்கீட்டு ஆர்.என்.ஏ. மருந்து (ஒரு புரதம் தயாராவதைத் தடுக்கும் ஆர்.என்.ஏ.) இது. இரத்தத்தில் இறங்கிய கொழுப்புத் துகளின் மேல் அபோ-ஈ என்ற புரதம் தானாக வந்து ஒட்டுகிறது. கல்லீரல் செல்கள் அதை வழக்கமான கொழுப்புப் பொட்டலம் என்றெண்ணி உள்ளே இழுத்துக்கொள்கின்றன. கல்லீரலில்தான் நோயை உண்டாக்கும் புரதம் தயாராகிறது என்பதால் மருந்து போய்ச் சேர வேண்டிய இடமும் அதுவே. 2020 இறுதியில் வந்த எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிகளும் இதே நான்கு வகைக் கொழுப்புகளின் மேல்தான் நிற்கின்றன: மின்னூட்டம் மாறும் கொழுப்பு, பாஸ்போலிப்பிடு, கொலஸ்டிரால், பாலிஎத்திலீன் கிளைக்கால் கோத்த கொழுப்பு. டானோரூபிசினையும் சைட்டராபினையும் 1:5 என்ற மூலக்கூற்று விகிதத்தில் ஒரே லிப்போசோமில் அடைத்த மருந்து, முதியவர்களுக்கு வரும் கடினமான வகை இரத்தப் புற்றில் ஆயுட்காலத்தின் நடு மதிப்பை 5.95 மாதத்திலிருந்து 9.56 மாதமாக உயர்த்தியது. மருந்துகள் இரண்டும் பழையவைதான். அவற்றைப் பிரியவிடாமல் சேர்த்துக் கொண்டுபோன துகள்தான் புதிது.

ஆனால் “புற்றை மட்டும் தேடிப்போய்த் தாக்கும்” என்ற வாசகத்தை நோயாளிக் கையேட்டிலிருந்தும் ஒப்புதல் படிவத்திலிருந்தும் எடுத்துவிடுங்கள். பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல் வந்த ஒரு பகுப்பாய்வின்படி, விலங்குகளில் செலுத்திய நானோ துகள்களில் கட்டியை அடைந்தது நடு மதிப்பில் 0.7 சதவீதம். மீதியில் பெரும்பங்கு கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போகிறது. சிறுநீரகம் வெளியேற்றக்கூடியது ஏறத்தாழ 5.5 நானோமீட்டருக்குக் கீழ்ப்பட்டதைத்தான். கொழுப்பும் ஆல்புமினும் உடலில் சிதைந்துவிடும். தங்கம் போன்றவை சிதையாது, மாதக்கணக்கில் கல்லீரலில் தங்கும். ஆகவே புதிய துகள் எதுவும் உங்கள் மேசைக்கு வந்தால் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: வேலை முடிந்ததும் துகள் எங்கே போகிறது, எத்தனை நாளில் போகிறது? பதில் இல்லாமல் வந்த விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புங்கள்.

கொள்முதலில் நடப்பதுதான் எங்களை அதிகம் கவலைப்பட வைக்கிறது. சாதாரண மாத்திரைக்கு ஜெனரிக் என்றால் மூலக்கூறு அதேதான், இரத்தத்தில் அளவு ஒத்துப்போனால் போதும். லிப்போசோமில் இரத்தத்தில் அளக்கும் மொத்த மருந்தில் பெரும்பங்கு குமிழிக்குள் பூட்டிக் கிடப்பது. வேலை செய்வதும் நஞ்சாவதும் வெளியே வந்த பங்கு. எனவேதான் லிப்போசோம் டாக்ஸோரூபிசின் ஜெனரிக்குக்கு, குமிழிக்குள் இருப்பதையும் வெளியே இருப்பதையும் தனித்தனியாக அளக்கச் சொல்கிறது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு. அம்மோனியம் சல்பேட் கொண்டு ஏற்றும் முறைகூட ஒத்திருக்க வேண்டும். அந்த உப்பின் அமோனியா சவ்வைத் தாண்டி வெளியேற, மருந்து உள்ளே நுழைந்து சல்பேட்டோடு சேர்ந்து படிகமாகிறது. உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வொரு குமிழியும் நடுவில் கோடு விழுந்த காப்பிக்கொட்டையைப் போலத் தெரியும். அந்தப் படிகம்தான் மருந்தைக் கசியவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. ஏற்றும் முறை மாறினால் பிடிப்பும் மாறும், கசிவும் மாறும். குறைந்த விலைக்கு ஒப்பந்தம் போடும்போது பெயரும் மி.கி.யும் மட்டும் ஒத்துப்போவதைப் பார்த்தால் இதெல்லாம் கண்ணில் படாது.

விற்பனையாளர் காட்டும் “சராசரி அளவு 90 நானோமீட்டர்” என்ற தாளை அப்படியே ஏற்காதீர்கள். அந்த எண் பெரும்பாலும் ஒளிச்சிதறல் முறையில் வந்தது. சிதறும் ஒளி துகளின் விட்டத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்தது: 100 நானோமீட்டர் துகள் ஒன்று, 10 நானோமீட்டர் துகளைவிடப் பத்து லட்சம் மடங்கு பளிச்சென்று தெரியும். சிறு துகள்கள் ஆயிரக்கணக்கில் ஒளிந்திருந்தாலும் அந்தச் சராசரி அசையாது. அளவுப் பரவல் எண், நுண்ணோக்கிப் படம், குமிழிக்கு வெளியே உள்ள மருந்தின் சதவீதம், 37 டிகிரியில் மருந்து வெளியேறும் வேகம் இவை நான்கையும் தொகுதி வாரியாகக் கேளுங்கள். எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா நச்சுக்கான சோதனைக்கும் ஒரு கேள்வி உண்டு. அதற்கான லிமுலஸ் முறை (குதிரைலாட நண்டின் இரத்தச் சாறு கொண்டு செய்வது) பெரும்பாலும் நிற மாற்றத்தையோ கலங்கலையோ அளப்பது; நிறமுள்ள, கலங்கலான துகள்கள் அதைக் குழப்பிவிடும். தெரிந்த அளவு எண்டோடாக்சினைச் சேர்த்து அளந்தபோது 50 முதல் 200 சதவீதத்துக்குள் திரும்பக் கிடைத்ததா என்று கேட்டு, அந்தத் தாளையும் வாங்கி வையுங்கள். அந்தத் தாள் இல்லாமல் வரும் “எண்டோடாக்சின் இல்லை” என்ற முடிவுக்கு மதிப்பில்லை.

குளிர்ப்பெட்டியிலும் கண்ணை நம்ப முடியாது. லிப்போசோம் டாக்ஸோரூபிசின் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும், உறையக் கூடாது. நீண்ட நேரம் உறைந்தால் சவ்வு கெடலாம். குமிழிக்குள் இருக்கும் மருந்தும் சிவப்பு, கசிந்த மருந்தும் சிவப்பு. குப்பியைத் தூக்கிப் பார்த்து யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. வெப்பநிலைப் பதிவில் இடைவெளி இருந்தால் குப்பியைத் தனியே எடுத்து வையுங்கள்.

“நானோ” என்று பெட்டியில் அச்சடித்து வரும் சத்துப்பொடிகளும் வெள்ளிக் கரைசல்களும் இந்தப் பட்டியலில் சேராதவை. கூழ்ம வெள்ளியை நீண்ட நாள் குடித்தால் தோல் நீலச்சாம்பலாகி அப்படியே நிற்கும். மருத்துவமனைக் கடையில் அவற்றுக்கு இடம் தர வேண்டாம். நானோ என்ற சொல்லே ஆபத்து என்று நினைப்பதும் சரியல்ல. நீண்டு விறைத்த கார்பன் நானோகுழாய்கள் எலிகளில் ஆஸ்பெஸ்டாஸ் இழைகளைப் போலப் புண்படுத்தின என்பது உண்மை. அதை வைத்து, உடலில் சிதைந்துவிடும் கொழுப்புத் துகளை மறுக்க முடியாது. ஒவ்வொரு துகளையும் அதனதன் பெயரில், அதனதன் சான்றில் எடைபோடுங்கள்.

தொடங்க ஒரு இடம் வேண்டுமென்றால் ஆம்போடெரிசினில் தொடங்குங்கள். கணினிப் பட்டியலில் “ஆம்போடெரிசின்-பி” என்ற தனிப் பதிவை நீக்கி, “ஆம்போடெரிசின்-பி லிப்போசோம்”, “ஆம்போடெரிசின்-பி டிஆக்ஸிகோலேட்” என இரண்டாகப் பிரியுங்கள். கொழுப்புக் கலவை வடிவம் வைத்திருந்தால் அது மூன்றாவது. டிஆக்ஸிகோலேட்டில் கிலோவுக்கு 1.5 மி.கி.யைத் தாண்டினால் கணினி பதிவை ஏற்கக் கூடாது. எச்சரிக்கை ஜன்னல் போதாது, அதை மூடிவிட்டுப் போய்விடுவார்கள். இரண்டு குப்பிகளையும் வெவ்வேறு அலமாரியில் வையுங்கள். பிறகு டாக்ஸோரூபிசின், பாக்லிடாக்செல், டானோரூபிசின்–சைட்டராபின், சிரை வழி இரும்பு. பக்கவிளைவுப் படிவத்தில் வணிகப் பெயர், தொகுதி எண், எத்தனையாவது டோஸ், தொடங்கிய வேகம், அறிகுறி தெரிந்த நிமிடம், கொடுத்திருந்த முன்மருந்து ஆகிய ஆறையும் கட்டாயமாக்குங்கள். வேகமும் நிமிடமும் இல்லாத பதிவிலிருந்து, அது துகளின் குற்றமா கையின் அவசரமா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடிவதில்லை.

இப்படிக்கு,
நானோ மருந்துகளைத் தயாரித்து, சோதித்து, கலந்து, ஏற்றும் பணியில் இருப்பவர்கள்